பொறந்ததுல இருந்தே இருக்கு

எங்க ரெட்டையில அக்காவுக்குத்தான் மச்சம். இடது கன்னத்துல, கண்ணுக்குக் கீழ. வேற எத வச்சும் எங்களப் பிரிச்சுப் பார்க்க முடியாது. அதனால வீட்டுல அவ மச்சக்காரி, நான் வெத்து. பரீட்சையில நான் பாஸ், அவ பெயில்னாலும் அவதான் மச்சக்காரி, அநியாயம்!

போன வருஷம் காய்ச்சல்ல அவ போயிட்டா.

அப்புறம் எனக்கு ஒரு பழுப்புப் புள்ளி வந்துச்சு. அதே கன்னம், அதே எடம், சத்தியமா. நாள் முழுக்க பைக்ல பார்சல் குடுத்துட்டு வெயில்ல சுத்தறவளுக்குப் புள்ளி வராம பூவா பூக்கும்? ஆனா ஒரு காலைல அம்மா டீயோட வந்து, என்னப் பார்த்து, "மச்சக்காரி, சூடா இருக்கு, பார்த்துக் குடி"ன்னாங்க. வாய் தவறிடுச்சுன்னு விட்டேன். அதுக்கப்புறம் ஒரு தடவகூட 'வெத்து' வரல. அவ சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு என் கட்டில்ல வச்சாங்க. செத்தது நான்தானோன்னு எனக்கே டவுட் வந்துடுச்சு.

எப்படியாவது அம்மா என்ன நானா பார்க்கணும். அதான் தோல் டாக்டர்கிட்ட ஓடினேன். அம்மாவும் கூடவே வந்தாங்க.

டாக்டர் லைட் வச்ச லென்ஸ கன்னத்துல ஒட்டிப் பார்த்தாங்க. "வெயில் புள்ளி மாதிரி இருக்கு. க்ரீம்னா மாசக்கணக்கா இழுக்கும். உறைய வச்சு எடுத்தா உன் நிறத்துக்கு வெள்ளையா தழும்பு விழலாம். லேசர்னா முதல்ல இன்னும் கறுக்கும், அப்புறம் பொருக்கா உதிரும்."

"லேசர்! இப்பவே!"

"பறக்காதம்மா. எப்ப வந்துச்சு?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அம்மா சொன்னாங்க, "பொறந்ததுல இருந்தே இருக்கு டாக்டர்."

டாக்டர் கை அப்படியே நின்னுடுச்சு. "அப்ப மச்சமாச்சே. மச்சத்துல லேசர் வைக்க மாட்டேன். சந்தேகம்னா வெட்டி எடுத்து டெஸ்டுக்குத்தான் அனுப்புவேன்." என்னப் பார்த்தாங்க. "எது உண்மை?"

அம்மா என் கைய இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. சின்னப் புள்ளைய ரோட்டுல பிடிப்பாங்கல்ல, அப்படி.

"மச்சம் அக்காவுக்கு. அக்கா இப்ப இல்ல. இது எனக்குப் புதுசு."

அம்மா கைய எடுத்துட்டாங்க.

டாக்டர் மறுபடி லென்ஸ வச்சு நிதானமா பார்த்து, வெயில் புள்ளிதான்னு உறுதியா சொன்னாங்க. என் கண்ண மூடி லேசர் வச்சாங்க, கன்னத்துல சுளீர் சுளீர்னு. முடி கருகற வாசன.

புள்ளி கறுத்துச்சு. ஐயோ, இப்பதான் அச்சு அசல் அவ! வாய் கொப்பளிக்கக் குனிஞ்சு நிமிர்ந்தா, கண்ணாடியில எனக்கு முன்னாடியே அவ நிமிர்ந்துட்ட மாதிரி இருக்கும். அம்மா எங்கிட்ட பேசவே இல்ல. தூக்கத்துல மட்டும் ஒரு விரல் வந்து கன்னத்தத் தொட்டுட்டுப் போகும். அம்மா விரல்தான். அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன்.

ஒரு நாள் மொகம் கழுவறப்போ பொருக்கு உதிர்ந்துடுச்சு. கீழ இளஞ்சிவப்பா, புதுத் தோல்.

அம்மா டீயோட வந்து கன்னத்தையே பார்த்துட்டு நின்னாங்க.

"வெத்து"ன்னாங்க.

பொலபொலன்னு அழுதுட்டேன்.

"லூசு, ஏன்டி அழற? குடி." இன்னொரு கையிலயும் ஒரு கப். எனக்குப் பின்னாடி இருந்த அவ கட்டிலப் பார்த்தாங்க. "அவ இன்னும் எழுந்திரிக்கலயா? எழுப்பிவிடு, ஆறிடும்."

நான் திரும்பிப் பார்க்கல.

"தூங்கட்டும்மா"ன்னேன்.