மலேசியா வண்டி

பத்து வயதில் சொன்ன ஒரு பொய்க்கு யோகராஜ் தன் முப்பத்தேழாவது வயதில் டிக்கெட் போட்டான்.

அப்படியொன்றும் பெரிய பொய் இல்லை. கயத்தாறுக்கு மேற்கே இருக்கும் அவர்களுடைய கரிசல் காட்டில் பருத்திக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தபோது, உச்சிவேளையில் தலைக்கு மேலே ஒரு விமானம் போயிற்று. மதினி களைவெட்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்து, "ஏலே யோகா, இது எங்கனலே போவுது?" என்று கேட்டாள். மதினி கேட்டு, தெரியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் முந்தின நாள்தான் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தான். "மலேசியாவுக்கு" என்று அடித்துவிட்டான்.

அன்றிலிருந்து அது மலேசியா வண்டி. "மலேசியா வண்டி போயிட்டு! கஞ்சி குடிக்க வாங்க" என்று மதினி வரப்பிலிருந்து குரல் கொடுத்தால் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கரையேறுவார்கள். பக்கத்துக் காட்டுக்காரர்களும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். அந்த விமானம் உண்மையில் எங்கே போனதென்பது அதை ஓட்டியவனுக்கே வெளிச்சம்.

மதினி என்றால் அண்ணன் மணிராஜின் மனைவி வேலுத்தாய். அவள் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது யோகராஜுக்கு ஏழு வயது. அவனுடைய ஒன்பதாவது வயதில் அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவனுக்குத் தலைவாரிவிட்டது, சட்டைக்குப் பொத்தான் தைத்தது, அவன் தோற்றுவிட்டு வந்த பரீட்சைக்கு வாத்தியாரிடம் போய்ச் சண்டை போட்டது எல்லாம் மதினிதான்.

இன்று அவன் மணியாச்சி ஜங்ஷனில் தண்டவாளப் பராமரிப்பு வேலையில் இருக்கிறான். அந்த வேலையும் மதினி வாங்கிக் கொடுத்ததுதான் என்பான். அந்த வேலைக்கு உடல்தேர்வு உண்டு. முப்பத்தைந்து கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு நூறு மீட்டரை இரண்டு நிமிடத்தில் கடக்க வேண்டும். மதினி ஒரு சாக்கில் கரிசல் கட்டிகளை நிரப்பி, பருத்தி நிறுக்கும் தராசில் தொங்கவிட்டுச் சரியாக முப்பத்தைந்து கிலோவுக்குத் தைத்தாள். விடிந்ததும் விடியாததுமாக அடுப்படிக் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிப்பாதையில் நிற்பாள். நாலாம் நாள் அவன் பாதியிலேயே மூட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது, கடிகாரத்தை அவன் கையில் திணித்தாள். சேலையை வரிந்து கட்டி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அந்தக் கோடி வரைக்கும் ஓடிவிட்டு வந்தாள். "நான் தூக்குதேன். ஒனக்கு என்னலே கேடு?" என்றாள். அதற்குப் பிறகு அவன் ஒரு நாளும் மூட்டையைக் கீழே போட்டதில்லை.

இவ்வளவும் செய்தவளுக்கு என்ன செய்வதென்று அவனுக்குப் பல வருஷமாகத் தெரியவில்லை. சேலை எடுத்துக் கொடுத்தால் அதை அவன் மனைவி சந்தனமாரிக்கே திருப்பிக் கொடுத்துவிடுவாள். கடைசியில்தான் அந்தப் பழைய பொய் ஞாபகத்துக்கு வந்தது. மதினியை மலேசியா வண்டியில் ஏற்றிவிட்டால் என்ன?

அவன், சந்தனமாரி, மதினி மூன்று பேர். கோலாலம்பூரில் மூன்று நாள். அண்ணனையும் கூப்பிட்டுப் பார்த்தான். "நான் வந்தா ஆட்டை நீயா மேய்ப்ப?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான் அண்ணன். உளுந்து வீட்டுக்கு வந்துவிடும் மாசி மாதத்தில் போவதென்று முடிவானது.

யோகராஜ் ஒரு நோட்டு வாங்கி ரயில்வே அட்டவணைபோலத் திட்டம் எழுதினான். இறங்கும் நேரம், அங்கிருந்து பஸ், மூன்று கட்டில் போட்ட மலிவான அறை, காசில்லாமல் ஏறிக்கொள்ளும் நகரப் பேருந்து எந்த வழியாகப் போகும், எல்லாம் அதில் இருந்தது. பத்துமலைக்கு ரயிலே போகிறது என்று தெரிந்ததும் சொந்தக்காரர் வீடு கிடைத்ததுபோல ஆகிவிட்டான். முருகனைப் பார்க்க இருநூற்று எழுபத்திரண்டு படி, அதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தான்.

"இவிய போட்ட பிளான்ல மூச்சு விட நேரம் எங்க இருக்கு?" என்றாள் சந்தனமாரி. யோகராஜ் உடனே, பதினொன்றரை முதல் பன்னிரண்டு வரை ஓய்வு என்று எழுதிச் சேர்த்தான்.

அவனுக்கும் சந்தனமாரிக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. மதினியை அண்ணனே கூட்டிப்போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான், அது இன்னும் வரவில்லை. அதற்குள் புரட்டாசியில் ஒரு நாள், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடையும் டிக்கெட் பதிவும் வைத்திருக்கும் கூட்டாளி மணிகண்டபிரபு போன் பண்ணினான். விமான டிக்கெட்டைப் பாதி விலைக்கும் கீழே போட்டிருக்கிறார்கள், சாயங்காலம் வரைக்கும்தான் என்றான். யோகராஜ் அடித்துப்பிடித்து ஓடினான்.

"மதினி பேரு என்னலே?"

"வேலுத்தாய்."

"பாஸ்போர்ட்டுல அப்படித்தான் இருக்குமா? ஒரு எழுத்து மாறினாலும் ஏத்த மாட்டான். இது ஆஃபர் டிக்கெட்டு, பேரும் மாத்த முடியாது, பணமும் திரும்ப வராது."

"அவிய பேரு அதான். வேற என்ன பேரு இருக்கும்? அடிலே."

ரயில்வேக்காரனுக்கு டிக்கெட் என்றால் ரயில் டிக்கெட்தான். அதில் பெயர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், முகத்தைப் பார்த்துவிட்டு உட்காரச் சொல்லிவிடுவார்கள். பிரபு அடித்தான். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், மூன்று டிக்கெட்.

கார்த்திகையில் மதினியின் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. வார விடுப்பில் ஊருக்குப் போன யோகராஜ் அதைத் திறந்தான். படம் மதினியுடையது. பெயர் சுந்தரம்மாள்.

சுந்தரம்மாள் அவனுடைய அம்மாவின் பெயர்.

முதலில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. "என்ன அண்ணே, அம்மா பேரைக் கொண்டுபோய் எழுதிக் குடுத்திருக்கே?" என்று சத்தம் போட்டான். மதினி ஏதோ திருடிவிட்டு அகப்பட்டவளைப்போல நிலைப்படியில் நின்றாள்.

"எம் பேரும் அதாம்லே" என்றாள் மெதுவாக.

கதை இதுதான். கல்யாணம் ஆகி வந்த அன்றைக்கே மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பெயர் என்கிற சிக்கல் எழுந்தது. மகன் மனைவியைப் பெயர் சொல்லி அதட்டினால் அது பெற்ற தாயை அதட்டியதாக ஆகாதா? அந்தப் பக்கத்து வீடுகளில் இதற்கு ஒரே வழிதான், வந்தவளுக்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள். மாமியாரே ஆசையாக வேலுத்தாய் என்று வைத்தாள். ஊரும் அப்படியே கூப்பிட்டது. ஆதாரிலும் நூறு நாள் வேலை அட்டையிலும் பழைய பெயர்தான் இருந்திருக்கிறது. அதையெல்லாம் கொழுந்தன் எதற்கு வாங்கிப் பார்க்கப் போகிறான்? முப்பது வருஷம் அவள் கையால் தின்றவனுக்கு அவளுடைய பெயர் தெரியவில்லை.

யோகராஜ் அங்கேயே உட்கார்ந்து பிரபுவுக்குப் போன் போட்டான். பிரபு திட்டி முடித்துவிட்டு ஒரு வழி சொன்னான். அரசிதழில் பெயர்மாற்றம் கொடுத்து, எல்லா அட்டையிலும் வேலுத்தாய் என்று மாற்றி, பாஸ்போர்ட்டையும் புதிதாக வாங்கிவிடலாம். அலைய வேண்டும், ஆனால் மாசிக்குள் முடித்துவிடலாம். கைக்காசும் அதிகம் பிடிக்காது. அதைவிட்டால் புது டிக்கெட்தான், இன்றைய விலையில் அது பழைய மூன்று டிக்கெட்டுக்குச் சமம்.

"பேரை மாத்திருவோம் மதினி. எல்லாரும் கூப்பிடுத பேருதான?" என்றான் யோகராஜ்.

மதினி முந்தானையால் பாஸ்போர்ட்டின் அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"ஒனக்கு அதான் தோதுன்னா மாத்திக்கோலே" என்று சொல்லிவிட்டு, ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அவள் போனதும் அண்ணன் வாயைத் திறந்தான். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற ஆள்.

"அந்தப் புக்கு வந்ததுலருந்து தெனமும் எடுத்துப் பாக்கா. போட்டோவைப் பாக்கல, பேரை எழுத்துக்கூட்டிப் படிக்கா."

"அம்மா போனதுக்கு அப்புறமாவது அந்தப் பேருலயே கூப்பிட்டிருக்கலாம்லா அண்ணே?"

"கூப்பிடத்தான் இருந்தோம். அம்மா போன மறு மாசம் அவ அம்மா பாக்க வந்தாவ. வாசல்ல நின்னு 'ஏட்டி சுந்தரம்மா'ன்னு கூப்பிட்டாவ. நீ உள்ள சோறு தின்னுக்கிட்டு இருந்த. நம்ம அம்மா வந்துட்டான்னு எச்சிக்கையோட வாசலுக்கு ஓடியாந்துட்ட. அங்கயும் இங்கயும் தேடிட்டு, அன்னைக்குப் பூரா சோறு திங்கல. அதோட இவ அவ அம்மாகிட்டயே சொல்லிட்டா, இனிமே அந்தப் பேரைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடக்கூடாதுன்னு."

யோகராஜுக்கு அது துளிகூட ஞாபகத்தில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவனுக்கு மறந்தே போன ஒரு நாளுக்காக ஒருத்தி தன் பெயரையே விட்டுவிட்டிருக்கிறாள். பெற்ற தாய்கூடத் தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் செத்துப்போயிருக்கிறாள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் முன்னால் அழ வெட்கப்பட்டு, மோட்டார் சைக்கிளைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டான்.

மறுநாள் அவன் கோவில்பட்டிக்குப் போனபோது பிரபு பெயர்மாற்றப் படிவத்தை எடுத்து வைத்திருந்தான்.

"அது வேண்டாம். சுந்தரம்மாள்னு புது டிக்கெட் அடி" என்றான் யோகராஜ்.

"துட்டு?"

"அங்க எஞ் செலவுக்குன்னு ஒதுக்கினது இருக்கு. நான் போகல."

"கிறுக்குப் பயலே, ஒன் டிக்கெட்டு வீணாப் போகும்லா?"

"போகட்டும்."

சந்தனமாரியிடம் மட்டும் உள்ளதைச் சொன்னான். அவள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்தாள். நோட்டை வாங்கி, எந்த ரயிலில் எங்கே ஏற வேண்டும் என்று அவனிடமே பாடம் கேட்க ஆரம்பித்தாள். மதினியிடம், மாசியில் தண்டவாளம் மாற்றுகிற வேலை இருக்கிறது, லீவு கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்றான். பத்து வயதில் சொன்ன அந்தப் பொய்க்குப் பிறகு மதினியிடம் அவன் சொன்ன இரண்டாவது பொய் இது. மதினி பெரிய அதிகாரிகளைப் பேர் தெரியாமலே வைதாள்.

விமானத்தில் ஆளுக்கு ஏழு கிலோ பைதான் என்றதும் மதினி அதே பருத்தித் தராசில் பையைத் தொங்கவிட்டாள். பத்துமலை முருகனுக்கென்று கடலைமிட்டாய் மட்டும் மூன்று கிலோ வைத்திருந்தாள். அங்கே முருகனுக்கு நெய்வேத்தியம் வேறு இருக்கும் என்று சொல்லி, இரண்டு கிலோவை வெளியே எடுக்கவைப்பதற்குள் சந்தனமாரிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "முப்பத்தஞ்சு கிலோ தூக்கினவளுக்கு இது ஒரு சொமையா?" என்றாள் மதினி.

திருச்சி விமான நிலையத்துக்கு மூன்று பேரும் காலையிலேயே வந்துவிட்டார்கள். வாசலில் துப்பாக்கியோடு நின்ற வடக்கத்திக் காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, தட்டுத்தடுமாறிச் சத்தமாகப் படித்தார்.

"சுந்த்ரம்மால்?"

மதினி சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். செத்துப்போன மாமியார் வந்து நிற்கிறாளோ என்று பார்த்ததுபோல இருந்தது. அங்கே தடுப்புக்கு வெளியே யோகராஜ்தான் நின்றுகொண்டிருந்தான். அவன் தலையை ஆட்டினான். மதினி திரும்பி நிமிர்ந்து நின்றாள்.

"நாந்தான் சார். சுந்தரம்மாள்" என்றாள்.

காவலர் கையைக் காட்டினார். பச்சைச் சுங்கடிச் சேலை கண்ணாடிக் கதவுக்குள்ளே போய் மறைந்தது. அந்தப் பெயரைக் கேட்டு எச்சில் கையோடு ஓடிய பையனை யோகராஜுக்கு இப்போதும் ஞாபகம் வரவில்லை. ஆனால் இந்தத் தடவை கூப்பிட்ட பெயருக்கு ஆள் இருந்தாள். அது போதும் என்றிருந்தது. கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அங்கேயே நின்றான். அப்படியே இரண்டு மணி நேரம் நின்றிருப்பான். உச்சிவெயில் ஏறியபோது போன் அடித்தது. சந்தனமாரியின் நம்பர், குரல் மதினியுடையது.

"ஏலே யோகா."

"சொல்லுங்க மதினி. ஏறிட்டீங்களா?"

"ஏறி உக்காந்தாச்சு. சன்னல் ஓரம். அது இருக்கட்டும், ஒன்னு கேக்கணும். லீவு கெடைக்கலன்னு சொன்னேல்லா?"

"ஆமா மதினி."

"அப்பம் இன்னிக்கு எப்படி இங்கன வந்து நிக்கே?"

யோகராஜ் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினான். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு மதினி குரலைச் சரிப்படுத்திக்கொண்டு, கரிசல் காட்டு வரப்பில் நின்று கூப்பிடுகிற அதே உரத்த குரலில், விமானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"மலேசியா வண்டி கெளம்பிட்டுலே. போயிக் கஞ்சி குடி."