இடது தடத்து நெல்

தங்கையனுக்குக் கோபம் வரத் தனியாக ஒரு காரணம் வேண்டியதில்லை. நாற்கரச் சாலையில் கால் வைத்தால் போதும்.

மஸ்கட்டில் டிரெய்லர் ஓட்டியே தலை நரைத்துத் திரும்பிய மனுஷன். அந்த ஊரில் வண்டி வலப்பக்கம் போகும். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். கனரக வண்டி என்றால் ஓரத்துத் தடத்தை விட்டு இம்மி நகரக்கூடாது. பலகையில் என்ன வேகம் போட்டிருக்கிறதோ அதுதான் வேகம். மிஞ்சினால் கேமரா பளிச்சென்று கண் சிமிட்டும், அபராதம் தானாக வந்து சேரும். அபராதத்துக்கு அங்கே 'முகாலபா' என்று பெயர். ஊருக்கு வந்த நாளாக அவன் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி, நன்னிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரில் அவன் பெயரே முகாலபா ஆகிவிட்டது.

இங்கே என்ன நடந்தது? பலகையில் நூறு என்று போட்டிருந்தது. அதன் அடியில் ஒரு எருமை அசைபோட்டுக்கொண்டு நின்றது. வேகமாகப் போகிறவனுக்கென்று விட்ட வலது தடத்தில், சென்டர் மீடியனை உரசியபடி வைக்கோல் லாரி ஊர்ந்தது. அவசரக்காரன் இடப்பக்கம் புகுந்து முந்தினான். போதாததற்கு எதிரே ராங் சைடில் ஒரு மொபெட் வரும், பட்டப்பகலில் விளக்கை எரியவிட்டுக்கொண்டு. விளக்கைப் பார்த்தால் எமன் ஒதுங்கிக்கொள்வான் என்று நினைப்புப் போல. அந்த மொபெட்டில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது அவன் பெண்டாட்டி அம்சம்.

"ஏண்டி, சாவுறதுக்குன்னே போறியா?"

"வீடு இந்தப் பக்கம் இருக்கு, வயலு அந்தப் பக்கம் இருக்கு. ஒங்க ரோட்டுல திரும்புற எடம் அடுத்த ஊரத் தாண்டியில்ல இருக்கு? அங்க போயித் திரும்பி வர்றதுக்குள்ள ஆளுங்க வேலைய விட்டுக் கரையேறிப்புடுவாங்க."

"சட்டம்னு ஒண்ணு இருக்கு."

"இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்."

அவள் மட்டும் லேசுப்பட்டவளா? அவன் புதிதாக வாங்கிய குட்டியானை லோடு வண்டியை எடுக்கப் போகும்போதெல்லாம், பழக்கதோஷத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறிவிடுவான். கை ஸ்டியரிங்கைத் தேடும். அம்சம் வாசலில் நின்று, "டிரைவரு எப்பங்க வருவாரு?" என்று கேட்பாள். அகிலாண்டம் அத்தை இரண்டு வீடு தள்ளி இருந்து சிரிப்பாள்.

அந்த ஐப்பசியில் குறுவை அறுத்து முடிந்திருந்தது. வானம் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. ஈர நெல்லைக் கொள்முதலில் எடுக்கமாட்டார்கள். குவித்து வைத்தால் முளை கட்டிவிடும். பாடுபட்டதெல்லாம் மாட்டுக்குத்தான். அதனால் வெயில் முகம் காட்டிய அன்று, தெருவே நெல்லைக் கொண்டுவந்து சாலையின் இடது தடத்தில் கொட்டிப் பரப்பியது. சுற்றிலும் செங்கல்லும் கருவேல முள்ளும் வைத்தார்கள். வந்த வண்டியெல்லாம் வலது தடத்துக்கு ஒடித்து ஒன்றையொன்று முண்டியது. ஒரு பஸ் ஒரு காரைத் தட்டாமல் தப்பியதைத் தங்கையன் கண்ணால் பார்த்தான். உடம்பெல்லாம் எரிந்தது.

"இது ரோடா, களமா? மஸ்கட்டா இருந்தா ஊரையே உள்ள தூக்கி வச்சிருப்பான்!"

காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அகிலாண்டம் நிமிர்ந்தாள். "மருமவனே, ஒங்க மஸ்கட்டுல ரோட்டுக்கு அடியில என்னா இருக்கும்?"

"மணலு இருக்கும்."

"இங்க களம் இருக்கு. அதான்."

பொய்யில்லை, கண்ணுகளா. ஊர்க்களம் அங்கேதான் இருந்தது. மிராசுதார் காலத்தில் நெல்லெல்லாம் அதில் மலையாகக் குவியும். கூலி மட்டும் தேய்ந்து அளவு குறைந்த மரக்காலில் வரும். சரியான மரக்காலால் அளக்கச் சொன்னதற்காகத் தங்கையனின் அப்பா பக்கிரியை அந்தக் களத்திலேயே கட்டிவைத்து அடித்தார்கள். பிறகு ஆட்சி மாறியது, நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தால் நிலம் தானாக வந்துவிடுமா? கொடி பிடித்து, ஜெயிலுக்குப் போய், ஜமாபந்திதோறும் மனுப் போட்டுத்தான் ஆளுக்குக் கொஞ்சம் வயலும் தெருவுக்கு அந்தக் களமும் கிடைத்தன. தங்கையன் மஸ்கட்டில் இருந்தபோது சாலை வந்து களத்தைத் தின்றது. வேறு களம் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். ஓட்டுக் கேட்டு வந்த எல்லாக் கொடியும் சொன்னது. சொன்னதோடு சரி.

இதெல்லாம் தங்கையனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தாலும் அந்த பஸ் கண்ணை விட்டு அகலவில்லை. நெல்லுக்கு நடுவே காலால் துழாவிக்கொண்டிருந்தது அம்சம் அல்லவா?

"கொஞ்சம் அந்தாண்டையாவது தள்ளிக் கொட்டு புள்ள. இந்த எடத்துல ரோடு வளையுது, வர்றவனுக்குத் தெரியாது."

"அது ரெத்தினம் மாமா எடம்."

"ரோட்டுல என்னடி மாமா எடம், மச்சான் எடம்!"

அவள் நெல்லில் காலால் சால் இழுத்துக்கொண்டு போனாள். அவன் நேரே சாலையோரப் பலகைக்குப் போனான். அதில் அவசர உதவிக்கு ஒரு நம்பர் எழுதியிருந்தது. மஸ்கட்டில் ஒருமுறை இப்படித்தான், நடுச்சாலையில் சிமெண்டு மூட்டை கிடப்பதாகப் போன் செய்தான். ஆள் வந்தது, ஆரஞ்சுக் கூம்பு வைத்துத் தடத்தை மறைத்தது, சலாம் சொல்லிவிட்டுப் போனது. அதே நம்பிக்கையில் இங்கேயும் அடித்தான்.

"ஆபத்தா இருக்குங்க. ஒரு நாளைக்குக் கூம்பு வச்சு அந்தத் தடத்த மறைச்சுக் குடுங்க, போதும்."

மத்தியானம் வந்தது கூம்பு அல்ல. பொக்லைன் வந்தது. கூடவே ஒரு ஜீப்பும், அதிலிருந்து ஒளிரும் சட்டை போட்ட சூப்பர்வைசரும்.

"உடனே அள்ளுங்க. இல்லாட்டி வாய்க்கால்ல தள்ளிடுவோம்."

"ஈரம் இன்னும் போவலீங்க. பொழுது சாயறவரைக்கும் விடுங்க," என்றாள் அம்சம்.

"ரோடு என்ன ஒன் அப்பன் வீட்டு சொத்தா?"

"அப்பன் வீட்டுச் சொத்து இல்லீங்க. மாமனாரு சொத்து." அவள் குரல் ஏறவில்லை. "அதோ கைபம்புக்கு நேரா அகிலாண்டம் அத்த எடம். அதத் தாண்டி ரெத்தினம் மாமா. நான் நிக்கிறது எங்க மாமனாரக் கட்டிவச்சு அடிச்ச எடம். களம் தெருவுக்கு வந்தன்னிக்கி, இது பக்கிரிக்குன்னு எல்லாருமாச் சொல்லி விட்டாங்க. நீங்க தார் ஊத்துனா எடம் மாறிப் போயிடுமா?"

தங்கையன் அப்போதுதான் சாலையைப் பார்த்தான். தாரின் மேல் ஒரு கோடு கிடையாது. ஆனாலும் ஒரு வீட்டு நெல்லுக்கும் அடுத்த வீட்டு நெல்லுக்கும் நடுவே ஒரு சாண் வெறுமை, அளந்து விட்டாற்போல இருந்தது. யாரும் யார் இடத்திலும் ஒரு மணி சிந்தவில்லை. மஸ்கட்டில்கூட இப்படித் தடம் பிசகாமல் நின்ற ஜனத்தை அவன் பார்த்ததில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லுறீங்க? ஒங்க ஊருக்காரருதான் போன் பண்ணி வரச்சொன்னாரு," என்றார் சூப்பர்வைசர்.

தெருவே திரும்பிப் பார்த்தது. யார் என்று கேட்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

"நாந்தான் பண்ணேன்," என்றான் தங்கையன். "கூம்பு கேட்டேன்யா. மண்ணள்ளுற மெஷினா கேட்டேன்?"

அம்சம் அவனை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

பொக்லைன் கை இறங்கியது. முதலில் சிக்கியது கைபம்புக்கு நேரே இருந்த நெல். செங்கல்லும் முள்ளும் நெல்லுமாகச் சுரண்டி வாய்க்காலில் சரித்தது. அகிலாண்டம் மாரில் அடித்துக்கொண்ட சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

தங்கையன் வண்டிக்கு ஓடினான். கதவைத் திறந்து ஏறினான். ஸ்டியரிங் இல்லை. இடப்பக்கம்! அன்று யாரும் சிரிக்கவில்லை. தன் தலையில் தானே ஓங்கி அடித்துக்கொண்டு, இருக்கையில் சறுக்கி அந்தப் பக்கம் போய் வண்டியைக் கிளப்பினான். முறையாகத் திரும்பி வர அடுத்த ஊரைத் தாண்டிப் போகவேண்டும். போகவில்லை. விளக்கைப் போட்டான், ராங் சைடில் ஏறினான். பொக்லைன் கைக்கும் மிச்ச நெல்லுக்கும் நடுவே வண்டியைக் குறுக்கே நிறுத்தி, சாவியைப் பிடுங்கி மடியில் செருகினான். பின்னால் போய்ச் சிவப்பு முக்கோணத்தையும் வைத்தான்.

"வண்டிய எடுய்யா!"

"பிரேக்டவுன்."

"இப்பதானே ஓட்டிக்கிட்டு வந்த?"

"இப்பதான் நின்னுபோச்சு. கிரேன் வரணும். இரு, ஒங்க நம்பருக்கே அடிக்கிறேன்." அடித்தான். எதிர்முனையில் இருந்த பெண், கிரேன் புறப்பட்டுவிட்டது என்று இனிமையாகச் சொன்னாள்.

"கேஸ் போடுவேன். ராங் சைடு, ரோட்ட மறிச்சது, எல்லாத்துக்கும்."

"போடுய்யா! முகாலபா எவ்வளவுன்னு பெருசா எழுது! அந்தக் கெழவி நெல்ல வாய்க்கால்ல தள்ளுனதுக்கு எவ்வளவுன்னு அதுக்குக் கீழ எழுது!"

பொக்லைன் சுற்றிப் போகப் பார்த்தது. திறந்த பக்கத்தில் பெண்கள் நெல் தள்ளும் பலகையைப் பிடித்துக்கொண்டு தோளோடு தோளாக நின்றார்கள். ஓட்டி வந்த ஆள் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போய்ப் பீடி பற்றவைத்தான். சூப்பர்வைசர் போனில் யாரிடமோ கத்தினார். வெயில் மட்டும் தன் வேலையைப் பார்த்தது.

கிரேன் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நெல் கலகலவென்று காய்ந்து சாக்கில் ஏறியிருந்தது, அகிலாண்டத்தின் நெல்லைத் தவிர. அவள் வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் நின்று, கூடையால் அரித்துக்கொண்டிருந்தாள். தங்கையன் இறங்கப் போனான்.

"கிட்ட வராத," என்றாள் அவள், திரும்பாமலே. மருமவனே என்று சொல்லவில்லை.

கிரேன்காரன் குட்டியானையைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் போனான். ஸ்டேஷனுக்கு வந்து சேரும்படி சூப்பர்வைசர் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். தங்கையன் காலியான தாரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுபடி பலகையின் பக்கம் நடந்தான், அந்த நம்பரையே கல்லால் அடிக்கப்போகிறவன் மாதிரி.

அம்சம் மொபெட்டைக் கொண்டுவந்து அவன் குறுக்கே நிறுத்தினாள், ராங் சைடில். முன்னால் ஒரு மூட்டை இருந்தது, தங்கள் நெல்.

"ஏறுங்க."

"எங்க?"

"மொதல்ல அத்த நெல்லுக்கு ஈடா இத அவங்க வூட்டுல எறக்கணும். நாளைக்கி மிச்சம். வாங்கமாட்டேம்பாங்க, நீங்கதான் கால்ல விழுவணும். அதுக்கப்பறம் ஸ்டேஷன்."

அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தான். எதிரே ஒரு லாரி, வலது தடத்தில்தான், ஆரனை அலறவிட்டுக்கொண்டு வந்தது. தங்கையன் வாயைத் திறந்தான்.

"வேண்டாங்க," என்றாள் அம்சம், விளக்கைப் போட்டபடி. "கோவம் அத்தனையையும் லாரிக்காரன் மேல கொட்டிப்புடாதீங்க. ஸ்டேஷன்ல வேணும்."