ஒன்பதாம் அறையின் மொழிக் குடும்பம்

சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி ஆட்கள் தங்கும் ஆஸ்டலில் பக்கெட்டுக்காக நடந்த சண்டையில் ஒருத்தனுக்கு இரண்டு பல் போனது. ஓனர் தணிகாசலம் வார்டனான என்னைக் கூப்பிட்டார். நான் மொழியியல் எம்.ஏ.; இரண்டு அரியர்.

"பாஷை பாஷையா ரூம் பிரிச்சுடுப்பா. தூங்கச்சொல்ல வெளிய தாழ் போட்டுடு. அட்ச்சிக்க மாட்டானுங்க."

பாஷைக்கு ஒன்று என்றால் பதினோரு அறை வேண்டும். மொழிக் குடும்பத்துக்கு ஒன்று என்றால் மூன்றே போதும். சார்ட் எழுதி ஒட்டினேன். போஜ்புரி, ஒடியா, அசாமியா பேசுகிறவர்கள் இந்தோ-ஆரியம்: ஏழாம் அறை. திருநெல்வேலி இசக்கிபாண்டியும் ஜார்க்கண்ட் சோம்ராவும் எட்டில். சோம்ராவின் தாய்மொழி குடுக், அதுவும் திராவிடம்தான். அவன் ஊர்க்காரன் முர்மு பேசுவது சந்தாலி, ஆஸ்திரோ-ஆசியம். அந்தக் குடும்பத்தில் அவன் ஒருத்தன்தான். ஆகவே ஒன்பதில் தனியாக. சலுகை என்றே நினைத்தேன்.

முர்முவுக்கு வலிப்பு உண்டு. வந்தால் சோம்ராதான் ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையைப் பிடித்துக்கொள்வான். இது எனக்குத் தெரியாது. இரண்டு நாள் சோம்ரா என்னிடம் எனக்குத் தெரியாத இந்தியில் கெஞ்சினான். தரையில் விழுந்து கைகாலை உதறியும் காட்டினான்.

"உன் பாஷை திராவிடம்டா. இசக்கிகிட்ட சொல்லு."

மூன்றாம் நாள், நைட் ஷிப்ட் ஆட்கள் தூங்கும் நடுப்பகல். ஒன்பதாம் அறைச் சுவரில் தொம் தொம் என்று சத்தம். சோம்ரா எட்டின் கதவை உதைத்தான்.

"உறங்க விடுதியால?" இசக்கி அறைந்தது வெளியே கேட்டது. சோம்ரா திருப்பிக் குத்தியதும் கேட்டது. பிறகு இசக்கியின் குரல் மாறியது. "வார்டன்! அடுத்த ரூம்புல எவனோ மண்டைய முட்டுதான் வே! கதவத் தொறங்க!"

"ரெண்டு மணிக்குத்தான் திறக்கணும், ரூல்" என்றேன்.

கதவு நிலையோடு பெயர்ந்து என்மேல் விழுந்தது. என்மேலேயே ஓடி ஒன்பதின் தாழை உடைத்தார்கள். இரும்புக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே முர்மு. நெற்றி பிளந்து, வாய் நிறைய ரத்தம். சோம்ரா அவனைப் புரட்டிப் பிடித்தான். மூச்சு வந்தது.

நூற்றியெட்டு ஏற்றிக்கொண்டு போனதும் சோம்ரா என்னிடம் வந்தான். முதல் குத்து மூக்கில். "மொழியியல்படி..." என்று ஆரம்பித்தேன். இரண்டாவது விலாவில். இசக்கி, கிழிந்த உதட்டோடு, பின்னாலிருந்து என் இரண்டு கையையும் முறுக்கிப் பிடித்தான்.

"ஏல, இன்னொன்னு போடுல."

தமிழ் தெரியாத சோம்ராவுக்கு அது முழுதாகப் புரிந்தது. எனக்கும் இரண்டு பல்.

முர்முவுக்குப் பதினோரு தையல். ஒன்பதாம் அறையில் இப்போது மூன்று கட்டில். தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும்தான்.