வள்ளல் இரண்டு முறை படித்த பேச்சு

திருப்பாதிரிப்புலியூர் ரயிலடியில், சினிமாவில் சேர்த்துவிடுகிறேன் என்று பள்ளிக்கூடத்துப் பெண்களிடம் பேச்சுக் கொடுத்த ஓர் ஆசாமி போலீசில் மாட்டினாலும் மாட்டினான், கடலூர்ப் பெரிய மனிதர்களுக்குத் திடீரென்று பொறுப்பு வந்துவிட்டது. அவன் மீசை வைத்திருந்தான், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான், மெட்ராஸ்காரன். ஆகவே ஆபத்து என்றால் அது மீசையும் கறுப்புக் கண்ணாடியுமாக மெட்ராஸிலிருந்துதான் வரும் என்று தீர்மானித்துவிட்டார்கள். பெண்கள் பள்ளி ஆண்டு விழாவில் 'இளம் பெண்களே, எச்சரிக்கை!' என்று ஒரு சொற்பொழிவு வைப்பதென்று முடிவாயிற்று. பேச அழைத்தது சிதம்பரத்துக் கல்வி வள்ளல் சபாபதியை.

செய்தி கேட்டதும் தமிழ் டீச்சர் சௌந்தரம், "இவரா வந்து எச்சரிக்கப் போறாரு?" என்றாள்.

சபாபதிக்கு மீசை கிடையாது. நெற்றி நிறைய விபூதி, தும்பைப் பூவாய் வேட்டி. வருஷம் ஒரு ஏழைப் பெண்ணைத் தேர்ந்தெடுத்து, சிதம்பரத்தில் தன் வீட்டிலேயே தங்கவைத்துக் கல்லூரியில் படிக்கவைப்பார். போன வருஷம் போன சவரியம்மாள் பாதியிலேயே ஓடி வந்துவிட்டாள். நன்றி கெட்டவள் என்று ஊர் அவளைக் கரித்துக் கொட்டியது. உள்ளதை அவள் சௌந்தரத்திடம் மட்டும் சொன்னாள், அதுவும் தன் பெயர் வெளியே வரக் கூடாது என்று கெஞ்சிவிட்டு.

இந்த வருஷம் அவரே நேரில் பார்த்துத் தேர்ந்தெடுத்தது அஞ்சலையை. துறைமுகத்தில் மீன் விற்கும் சின்னம்மாளின் ஒரே மகள். விழா முடிந்ததும் வள்ளலின் காரிலேயே கிளம்புவதாக ஏற்பாடு.

சௌந்தரம் முதலில் தலைமையாசிரியையிடம் போனாள். "அவர் பணத்துல கட்டுற பள்ளிக்கூடத்து மாடி பாதியில நிக்குது சௌந்தரம். அது முடியட்டும், மெதுவா பேசிக்கலாம்" என்றார் அந்த அம்மாள். இங்கே மாடி எழும்ப, அங்கே அவர் வீட்டில் ஒரு பெண் தனியே மாடி ஏற வேண்டும்! அடுத்து சின்னம்மாளிடம் போனாள். அங்கே இன்னும் மோசம்.

"எம் பொண்ணு மேல வர்றது ஒங்களுக்குப் பொறுக்கல போல டீச்சர். அவுங்க எங்களுக்குச் சாமி மாதிரி. அவுங்க வாயால எதுனா சொன்னா கேப்பேன். நீங்க சொல்லி நான் கேக்கறதா இல்ல."

வீடு வந்து சேரும்வரை சௌந்தரம் சின்னம்மாளைத் திட்டிக்கொண்டே வந்தாள். செருப்பைக் கழற்றும்போதுதான் அந்தப் பேச்சில் ஒரு வழி இருப்பது தெரிந்தது.

அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் தங்கள் பேச்சைத் தாங்களே எழுதுவதில்லை. கூப்பிட்ட பள்ளியின் தமிழாசிரியர் எழுதி வைப்பார். வந்தவர் மேடையில் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் தடவையாக அதைப் பிரித்து முழங்குவார். அடுக்குமொழி கொட்ட வேண்டும், அவ்வளவுதான். அர்த்தம் என்ன என்று கேட்டவரும் இல்லை, படித்தவரும் இல்லை. சபாபதி அதில் மன்னர். சௌந்தரம் எழுத உட்கார்ந்தாள்.

விழாப் பந்தலில் இடமில்லாத கூட்டம். அஞ்சலையும் சின்னம்மாளும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், டிரங்குப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு. வள்ளல் மைக்கைத் தட்டிப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், ஆரம்பித்தார்.

"பாவையரே! பகைவன் பயங்கர முகத்தோடு வருவதில்லை. பண்புள்ளவனாக வருவான்! பட்டம் தருவேன் என்பான். பாவாடை தருவான். பாசம் என்பான். பாடம் சொல்ல மாடிக்குத் தனியே அழைப்பான். பிடித்த கையை விடமாட்டான். பெற்றவளிடம் சொல்லாதே என்பான். பிள்ளைகளே! சொல்லாதே என்பவனைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்!"

பந்தல் அதிர்ந்தது. விழாக் கமிட்டிக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பின்னாலிருந்து யாரோ "ஒன்ஸ் மோர்!" என்று கத்த, கூட்டமே அதைப் பிடித்துக்கொண்டது. ஒன்ஸ் மோர் கேட்டால் வள்ளலால் மறுக்க முடியுமா? பூரிப்போடு மறுபடி தொடங்கினார். அப்போதுதான் தாம் படிப்பது அவர் காதிலேயே விழுந்தது. 'பாவாடை' என்ற இடத்தில் குரல் இறங்கியது. 'மாடி'யில் இடறியது. 'பெற்றவளிடம் சொல்லாதே'க்கு வந்து சேரும்போது நெற்றி விபூதி வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது. நிறுத்தலாமென்றால், அதற்குள் மனப்பாடமாகிவிட்ட பெண்கள் மிச்சத்தைத் தாங்களே கோரஸாகச் சொல்லி முடித்தார்கள்.

சின்னம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். "ஒங்கிட்ட யாராச்சும் இந்த மாதிரி சொன்னாங்களாடி?"

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு பெட்டியைத் திறந்து, அம்மா பார்த்திராத ஒரு புதுப் பாவாடையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "அம்மாகிட்ட சொல்லாதன்னாரும்மா" என்றாள். மேடையைப் பார்த்தாள்.

சின்னம்மாள் எழுந்தாள். மீன் விற்ற குரலுக்கு மைக் எதற்கு? "நல்லா சொன்னீங்க ஐயா! ஒங்க வாயால கேட்டாதான் நம்புவேன்னு இருந்தேன், கேட்டுட்டேன். எம் பொண்ணு ஒங்க ஊட்டுக்கு வரமாட்டா!" பாவாடையை மேடையில் வீசிவிட்டு, ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் மகளுமாக வெளியே நடந்தாள். பழக்கதோஷத்தில் அதற்கும் நாலு பேர் கை தட்டினார்கள்.

மறுநாள் கமிட்டி கூடியது. அந்தப் பாவாடை யார் கொடுத்தது என்று ஒருவராவது கேட்டாரா? கேட்கவில்லை. இனிமேல் சிறப்பு விருந்தினரின் பேச்சை அவரிடம் முன்கூட்டியே காட்டிவிட வேண்டும் என்று மட்டும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். தலைமையாசிரியை சௌந்தரத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்ன காரியம் பண்ணிட்ட! அவர் மனசு ரொம்பப் புண்பட்டுடுச்சாம். நீ மன்னிப்புக் கேக்கணுமாம்."

"கேக்கறேம்மா. எந்த வரியில புண்பட்டுச்சுன்னு மட்டும் அவர் கைப்பட எழுதி வாங்கிக் குடுங்க" என்றாள் சௌந்தரம்.