நாற்பத்தோராவது பொருளின் விவரம்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. அதை நிரப்பியவன் நான். படகுத்துறை அலுவலகத்தில் பதினோரு வருடம் எழுத்தராக இருந்தேன். அங்கே எழுதியதெல்லாம் மறந்துவிட்டது, இந்த ஒரு தாள் மட்டும் போக மாட்டேன் என்கிறது. கதையாக எழுதினால் விட்டுப் போகும் என்று யாரோ சொன்னார்கள். பார்ப்போம்.

தொடக்கத்தை மட்டும் நான்கு முறை எழுதினேன்.

[அன்று ஆறு வழக்கத்துக்கு மாறாக] இல்லை. ஆறு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் மேசையில் இருந்தேன்.

[அந்தப் பெண்ணின் கண்கள் குளமாகி] இதையும் அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. அழ வைத்தால் எனக்கு வசதி, அவ்வளவுதான்.

[வாழ்க்கை என்பது ஒரு] போதும்.

நான்காவது இது: பொருள் எண் 41. கிட்டார், ஒன்று. கறுப்புப் பெட்டியுடன். படிவத்தில் இப்படித்தான் இருக்கிறது, அதனால் இதுவே நிற்கட்டும்.

2

மறுகரைக்குப் போகும் படகு ஒரு ஞாயிறு காலையில் கவிழ்ந்தது. டிக்கெட்டில் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. ஆகவே படகில் யார் யார் இருந்தார்கள் என்பதற்குக் கரைக்கு வந்த உடல்களும் ஒதுங்கிய பொருட்களுமே சாட்சி. ஒன்பது பேரைக் காணவில்லை என்று ஊகித்தோம். சரக்குக் கொட்டகையில் பைகளையும் செருப்புகளையும் வரிசையாக அடுக்கி எண் அட்டை கட்டினோம். கெட்டியான பெட்டியில் இருந்ததால் கிட்டார் மிதந்து வந்திருந்தது. தண்ணீர் கொஞ்சம்தான் உள்ளே போயிருந்தது.

ஐந்தாம் நாள் இரண்டு பேர் வந்தார்கள். காணாமல் போன ஒருவரின் மனைவி, அவருடைய அண்ணன். அண்ணனுக்கு மறுகரையில் கிட்டார் பழுது பார்க்கும் கடை. தம்பி ஓட்டல்களில் கிட்டார் வாசிப்பவர்.

பெட்டியைத் திறந்து காட்டினேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு உடனே சொன்னாள்: "இது அவரோடது இல்ல."

"சரியா பாரும்மா," என்றார் அண்ணன்.

"பாத்துட்டேன் மாமா. இல்ல."

(இங்கே வாசகருக்கு ஒரு விளக்கம் தேவை. பொருளை அடையாளம் காட்டிவிட்டால் அதன் சொந்தக்காரர் இறந்தவர் பட்டியலில் சேர்வார். காட்டாவிட்டால் அவர் வெறும் காணாமல் போனவர். வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போகிறவர்களும் அதே கணக்குத்தான்.)

"கம்பெனியில தயாராகி வர்ற கிட்டார்தான் சார், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்," என்றார் அண்ணன். "ஆனா போன வாரம் தம்பியோடதுல நான் வேலை பாத்திருக்கேன். பிரிச்சுப் பாத்தா சொல்லிடுவேன்."

3

பரிசோதனைக்கு முன் பாகங்களை எழுதியாக வேண்டும் என்பது விதி. எனக்குக் கிட்டாரில் கம்பியும் ஓட்டையும்தான் தெரியும். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். தலை. அதில் கம்பியை முறுக்கும் ஆறு ஆணி. கழுத்து ஆரம்பிக்கிற இடத்தில் கம்பிகளைப் பிரித்து நிறுத்தும் வெள்ளைத் துண்டு, நட். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள், ஃப்ரெட். விலாவில் சின்னப் பெட்டி: ஒயர் சொருகினால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளும் பேட்டரியும் அதில். வயிற்றின் மேல் ஒட்டியிருப்பது பிரிட்ஜ். அதன் பள்ளத்தில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் எலும்பு நிற வில்லை, சாடில்.

"தமிழ்ல எழுதணுமே," என்றேன்.

"வீணைல பிரிட்ஜைக் குதிரைன்னுவாங்க."

"சாடிலுக்கு?"

"குதிரை மேல வைக்கிறது. சேணம்னு எழுதிக்குங்க."

நான் சிரித்துவிட்டேன். அவரும் லேசாகச் சிரித்தார். அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்து வருகிறேன் என்று எழுந்து போனாள். அந்தச் சிரிப்பைக் கதையில் வைப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சிரித்தது உண்மை.

4

அவள் போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார். [பாவமன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி] இந்த உவமை வேண்டாம். பல் வலியை மருத்துவரிடம் சொல்கிறவர் மாதிரி, வரிசையாகச் சொன்னார்.

"கம்பி ரொம்ப ஒசரமா இருக்கு, விரல் வலிக்குதுன்னு தம்பி கொண்டுவந்தான் சார். பன்னெண்டாவது ஃப்ரெட்ல வச்சு அளந்தேன். தடிக் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல மூணு மில்லி. ரெண்டரைக்கு இறக்கணும். அங்க அரை மில்லி இறங்கணும்னா சாடிலோட அடியில ஒரு மில்லி தேய்க்கணும். ஃபோன் பேசிக்கிட்டே தேய்ச்சேன். ரெண்டு மில்லி போயிடுச்சு. கம்பி எல்லாம் ஃப்ரெட்ல உரசி கரகரன்னு ஒரே இரைச்சல்."

"அப்புறம்?"

"பழைய எக்ஸ்ரே ஃபிலிமை நாலஞ்சு அடுக்கா ஒட்டி ஒரு கீத்து வெட்டி சாடிலுக்கு அடியில வச்சுக் குடுத்தேன். ஒசரம் வந்துருச்சு. ஆனா சாடிலுக்குக் கீழதான் சத்தத்தைப் பிடிக்கிற பட்டை ஓடுது. அது மேல ஒண்ணும் வைக்கக் கூடாது. ஓட்டல்ல ஒயரைச் சொருகினா ரெண்டு கம்பி கேக்கவே இல்லையாம். புது சாடில் வந்திருக்கு, ஞாயித்துக்கிழமை காலையில எடுத்துட்டு வாடா, அரை மணி நேர வேலைன்னு நான்தான் கூப்பிட்டேன்."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"அவளுக்குத் தெரியாது. அன்னிக்குக் காலையில ரெண்டு பேருக்கும் சண்டை. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு நெனைச்சுட்டு இருக்கா. எங்கிட்ட வந்தானான்னு கேட்டா. வரல, வரேன்னும் சொல்லலன்னுட்டேன். வாய்ல அதான் சார் வந்துச்சு."

5

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அண்ணன் ஆணிகளைத் திருகிக் கம்பிகளைத் தளர்த்தினார். சேணத்தைக் கிடுக்கியால் பிடித்து இழுத்தார். நீரில் ஊறி இறுகியிருந்தது. மூன்றாவது இழுப்பில் வந்தது.

அப்போதுதான் அவள் பேசினாள். கிட்டாரிடம் பேசுவது போலத் தலை குனிந்தபடி.

"என்னை விட்டுட்டுப் போயிட்டார்னே இருக்கட்டும் மாமா. இன்னொருத்தியோட இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும். எங்கயோ சாப்பிட்டாரு, தூங்கினாருன்னு நெனைச்சுக்குவேன். சண்டைல நான் சொன்ன கடைசி வார்த்தை நல்ல வார்த்தை இல்ல."

பள்ளத்தில் அந்தக் கீற்று இருந்தது. நான் பார்த்தேன். நீலமும் கறுப்பும் கலந்து, தீக்குச்சி நீளத்துக்கும் கொஞ்சம் அதிகமாக. அண்ணன் அதை நகத்தால் எடுத்தார். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல," என்றார். "இது தம்பியோடது இல்ல சார். நான்தான் தப்பா நெனைச்சுட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. படிவத்தில் 'அடையாளம் காணப்பட்டதா' என்பதற்கு நேராக 'இல்லை' என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். அந்த வேலையில் தெரிந்தே நான் எழுதிய பொய் அது ஒன்றுதான்.

6

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். நண்பர் ஒருவர் படித்துவிட்டு அப்படித்தான் சொன்னார். இன்னொரு முடிவும் எழுதிப் பார்த்தேன்: அந்தக் கணவர் இரண்டு வருடம் கழித்துத் தாடியுடன் வந்து கதவைத் [தட்டுகிறார்]. எழுதும்போதே கை கூசியது. அவர் வரவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

நடந்தது வேறு. நான்கு மாதம் கழித்து அவள் தனியாக வந்தாள். கிட்டாரைப் பார்க்க வேண்டும் என்றாள். கொட்டகையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துக் கொடுத்தேன். தளர்ந்த கம்பிகளை அவள் தொடவில்லை. பின்பக்கத்தில், நெஞ்சோடு ஒட்டும் இடத்தில், சட்டைப் பொத்தான் உரசிய கீறல்கள் இருந்தன. அவற்றின் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

"மாமா கைக்குள்ள ஏதோ மறைச்சாரு. நான் பாத்தேன்," என்றாள்.

நான் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன்.

"எனக்காகத்தான் பொய் சொன்னாருன்னு தெரியும். நான் நம்பிட்டேன்னு அவரு நெனைச்சுட்டு இருக்காரு. கடையை மூடிட்டாரு சார். தினமும் வந்து ஏதாவது வேணுமாம்மான்னு வாசல்ல நின்னே கேட்டுட்டுப் போறாரு. உள்ள வர மாட்டேங்கறாரு. எனக்குத் தெரியும்னு சொன்னா அதுவும் நின்னுடும். அவரும் இல்லன்னா எனக்கு யாரு?"

"படிவத்தை மாத்தி எழுதணுமா?"

"வேண்டாம்." கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சொன்னாள்: "செத்துட்டாருங்கறது கூடப் பரவாயில்ல சார். என்னை விட்டுட்டுப் போற வழியில செத்துட்டாரு பாருங்க, அதான் தாங்கல."

அவர் விட்டுப் போகவில்லை, அரை மணி நேர வேலைக்குத்தான் போனார், மத்தியானம் வீட்டுக்கு வந்திருப்பார் என்று சொல்ல என் வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு, "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று எழுந்து போனாள்.

7

பிறகு அந்த வேலையை விட்டுவிட்டேன். உரிமை கோராத பொருட்களோடு கிட்டாரையும் எங்கோ அனுப்பினார்கள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

அவளும் இருக்கிறாள், அவரும் இருக்கிறார். அவர் இன்றும் வாசலோடு நின்றுவிட்டுத் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டேன். நான் சொன்னால் அவள் தலையிலிருந்து ஒரு பாறை இறங்கும். அதே பாறை வாசலில் நிற்கிறவர் மேல் விழும். அதைத் தாங்கும் உடம்பு அவருக்கு இல்லை. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் புதிதாக ஒன்றும் ஆகாது, அவளுக்குப் பழையது மட்டும் ஆகிக்கொண்டே இருக்கும். ஆறு வருடமாக இந்த இடத்தில்தான் நிற்கிறேன். [ஆகவே நான் முடிவு செய்து] இந்த வாக்கியத்தை எத்தனை முறை தொடங்கினாலும் முடிக்க வரவில்லை.

இதை அச்சுக்கு அனுப்புவதும் சொல்வதுதான் என்று எனக்குத் தெரியும். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. அவள் கண்ணில் பட்டால் அதெல்லாம் ஒரு நிமிடம் கூடத் தாங்காது. படாமலும் போகலாம், அப்போது இதைப் படித்த யாராவது என்றாவது அவள் வீட்டைக் கடக்க நேரும். கதவைத் தட்டி, உங்கள் கணவர் உங்களை விட்டுப் போகவில்லை அம்மா என்று சொல்லத் தோன்றும். சொல்லுங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் அவள் உங்களை உட்காரச் சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்று கேட்பாள்.

வாசலில் நிற்கிறவரைக் காட்டிக்கொடுக்காமல் அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் யோசித்துக்கொண்டே போங்கள்.