சுத்துற பெட்டி

கல்முனைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருந்த கச்சிமுகம்மதின் கடையைச் சுனாமி கொண்டுபோனது. வாய் மட்டும் கரையேறியது. அந்த வாயை முதலாக வைத்து மறுபடி கடை போட்டார்.

யுத்தம் முடிந்து பாதை திறந்த ஆடி மாதத்தில், கொழும்பில் இடிபட்ட ஒரு ஹோட்டலின் சாமான்களை ஏலத்தில் எடுத்து வந்தார். அதிலிருந்த, கட்டைகளை அழுத்தி வாசிக்கும் பழைய மின்சார ஓகனை இசைக்குழுக்காரர் தங்கத்துரை வாங்கிப் போனார். அவருடைய குழுவின் வாத்தியங்களையும் அதே கடல்தான் அள்ளியிருந்தது. அதன்பின் யுத்தம்; இரவில் பாட்டுக் கேட்க யார் வெளியே வருவார்கள்? இப்போதுதான் ஒரு கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இன்று பின்னேரத்துக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் வேறு குழுவுக்குப் போய்விடும்.

காலையிலேயே தங்கத்துரை கடைவாசலில் வந்து நின்று கத்தினார்.

"காக்கா, சுத்துற பெட்டி எங்க?"

பசார்த் தெருவே திரும்பிப் பார்த்தது. பசாரில் சுத்துவது என்றால் ஏமாற்றுவது. அதற்கு வேறு அர்த்தம் இருப்பதாக அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை.

"யாருகா சுத்தினது? நான் சுத்தினனா? நல்லாக் கத்து, தேத்தண்ணிக் கடையில ரெண்டு பேருக்கு இன்னும் கேக்கல்ல!"

"நீங்க சுத்தல்ல காக்கா, ஸ்பீக்கர் சுத்தும். இந்த ஓகனுக்குள்ள ஸ்பீக்கர் இல்ல. தனியா ஒரு மரப்பெட்டி வரும், பக்கமெல்லாம் காத்துப்போக வெட்டியிருக்கும். உள்ளுக்கு ஒரு குழல் மோட்டர்ல சுத்தும். அது இல்லாட்டி ஓகன் ஊமை."

அந்தப் பெட்டியைக் கச்சிமுகம்மது சம்மாந்துறை ஹாஜறாவுக்கு விற்றுவிட்டிருந்தார். சாப்பாட்டு அலுமாரி என்று. உள்ளே ஃபேன் வைத்தது, கறி ஊசிப்போகாது, ஈ இலையான் அண்டாது, வெள்ளைக்காரன்ட மூளை என்று அவர் சொன்ன சொல்லில் அவரே மயங்கியிருந்தார். வயர் வாலில் இருந்த பல கால் பிளக் சுவரில் ஏறாததால் அதை வெட்டியெடுத்து, மோட்டருக்கு மட்டும் வீட்டுப் பிளக் போட்டும் கொடுத்திருந்தார்.

"பெட்டி பத்திரமா இரிக்கி தம்பி. கருவாடுதான் காவல்."

சம்மாந்துறையில் ஹாஜறா அலுமாரிக்கு முன்னால் குறுக்கே நின்றாள்.

"தர மாட்டன் காக்கா. ஒரு இலையான் வாறல்ல தெரியுமா?"

"கண்ணாடி போட்ட புது அலுமாரி தாறன் புள்ள."

"நீங்க தாற அலுமாரி மறுகா என்னவா மாறுமோ!"

"இது பாடுற பெட்டி ராத்தா," என்றார் தங்கத்துரை.

ஹாஜறா பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள். "கண்ணாடி அலுமாரியும் வேணும். இது பாடுறத என்ட காதால கேக்கவும் வேணும். நானும் வாறன்."

பெட்டியும் தங்கத்துரை தூக்கிவந்த ஓகனும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோது மத்தியான லுஹர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது.

"வெட்டின பிளக்க எறிஞ்சிட்டீங்களா?" என்றார் தங்கத்துரை.

"யாபாரி எதையும் எறியமாட்டான்." கச்சிமுகம்மது ஆணி டின்னைக் கொட்டித் தேடினார். பிளக் கிடைத்தது, காலுக்குக் கால் வயர் நுனிகள் நிறத்தோடு ஒட்டியிருந்தன. தங்கத்துரை நிறம் பார்த்துப் பார்த்து ஈயம் வைத்துப் பொருத்தினார். கடைசி இரண்டு வயர்களும் பழசாகி ஒரே மங்கல் மஞ்சளாக இருந்தன; வீட்டுப் பிளக்கைக் கழற்றியதும் எது மோட்டர் வயர் என்ற அடையாளமும் போயிருந்தது.

"மாறிக் குடுத்தா?" என்றார் கச்சிமுகம்மது.

"பாட்டுப் போற வயர்ல கறண்ட் போகும். அப்புறம் பெட்டியும் இல்ல, திருவிழாவும் இல்ல."

வெட்டியது கச்சிமுகம்மதின் கை. அவரே பின்பலகையைக் கழற்றிப் பெட்டிக்குள் தலையை விட்டார். கருவாட்டு மணம் மூக்கைப் பிடுங்கியது. வயரை விரலால் தடவிக்கொண்டே உள்ளே போனார்.

"இது மோட்டருக்குப் போகுது! நான் இழுக்கிறன், அங்க அசையுதா பாரு!"

"அசையுது காக்கா!"

ஈயம் ஆறியது. தங்கத்துரை பிஸ்மில்லாவும் இல்லாமல் முருகாவும் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். இரண்டையும் பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். புகை வரவில்லை. குழல் மெல்லச் சுழன்றது. அவர் ஒரு கட்டையை அழுத்தினார்.

சத்தம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. தேத்தண்ணிக் கடைச் சுவர்வரை போய்த் திரும்பி வந்தது. வேகத்தைக் கூட்டியதும், மேசை ஃபேனுக்கு முன்னால் பிள்ளைகள் கத்தும் குரல்போல நடுங்கியது. ஆனால் தேன்போல நடுங்கியது.

"அல்லாஹ்வே," என்றாள் ஹாஜறா. "இதுக்குள்ளயா நான் கருவாடு வச்சன்!"

தங்கத்துரை கோயில்காரருக்குப் போன் எடுத்தார். "ஓம், வாறம்."

"குழுவில எத்தின பேர்?" அந்தப் பக்கத்துக் குரல் கடை முழுக்கக் கேட்டது.

குழு என்று இப்போது இருந்தது தங்கத்துரை ஒருவர்தான். மற்றவர்கள் சுனாமிக்குப் பிறகு திசைக்கொருவராகப் போயிருந்தார்கள். கச்சிமுகம்மது போனைப் பறித்தார்.

"ஆக்கள் நிறைய ஐயா. ஒரு லொறி காணாது, ரெண்டு வேணும்!"

போனைத் திருப்பிக் கொடுத்தார். "இப்ப ஆக்களக் கூப்பிடு தம்பி. என்ட வாயப் பொய்யாக்கிப் போடாத."

தங்கத்துரைக்குச் சிரிப்பு வந்தது. இப்போது ஒலுவிலில் தோணியில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்த பழைய ட்ரம்ஸ்காரன் துசாந்தின் நம்பரை அழுத்தினார். "ஹலோ" என்ற குரலுக்குப் பதில் சொல்லாமல், போனைப் பெட்டியின் பக்கம் பிடிக்கும்படி ஹாஜறாவிடம் நீட்டிவிட்டு, இரண்டு கையாலும் வாசித்தார்.

அந்தப் பக்கம் அலைச்சத்தம் கேட்டது.

"அண்ணன்," என்றது குரல், "எங்க நிக்கிறீங்க? இந்தா வாறன்."