மணமில்லை

என் மூக்குக்கு மீன் நாற்றம் தெரியாது. அம்மா குழித்துறைச் சந்தையில் மீன் விற்கிறாள்; பிறந்தது முதல் அந்தக் காற்றைத்தான் இழுக்கிறேன். பஸ்ஸில் அம்மா மீன் சருவத்தோடு ஏறினால் போதும், யாராவது மூக்கைப் பொத்துவார்கள். அந்தக் கையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அம்மாவைத் தெரியாதவள்போல் பின்சீட்டில்தான் உட்காருவேன்.

பி.எஸ்சி. வேதியியல் செய்முறைத் தேர்வை ஏற்கெனவே ஒருமுறை கோட்டைவிட்டிருந்தேன். இதுவும் போனால் பட்டம் கிடையாது. எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க எனக்கு வந்த குழாயில் பழுப்பாக ஏதோ எண்ணெய். முகர்ந்து பார்த்துவிட்டு ‘மணமில்லை’ என்று எழுதினேன். நைட்ரஜன் இருப்பது தெரிந்தது. அமைடா, இல்லை. நைட்ரோவா, இல்லை. அமீன் என்றால் மீன்போல் நாறும் என்று படித்திருந்ததால் அதைச் சீண்டவே இல்லை. பாதி நேரம் போய்விட்டது.

அப்போது தேர்வாளர் செல்வதாஸ் சார் என் மேசைப் பக்கம் வந்தார். வந்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். குளித்து, பவுடர் போட்டுத்தானே வந்தேன் என்று கூசிப்போனேன். ஆனால் அவர் கண் என்மேல் இல்லை. திறந்திருந்த குழாயின்மேல் இருந்தது.

அப்படியானால் நாறுவது குழாய்தான், அமீனேதான். எண்ணெயை நீர்த்த அமிலத்தில் கரைத்து ஐஸில் வைத்தேன். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது, அம்மா மீன்பெட்டிக்குச் செய்வதுபோல் அதில் ஒரு பிடி உப்பைப் போட்டேன். சோடியம் நைட்ரைட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கடைசியாகக் காரத்தில் கரைத்த பீட்டா நாப்தால்.

செக்கச்செவேலென்று சாயம் பொங்கி வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தும் ஒன்றுக்குள் இப்படி ஒரு சிவப்பா? கும்பிட வேண்டும்போல் இருந்தது.

“அனிலின், சரிதான். பிறகு எதுக்கு மணமில்லைன்னு எழுதியிருக்க?” என்று சார் கேட்டார்.

“எனக்கு மணக்காது சார். எங்கம்மா மீன் விக்காவ. நீங்க மூக்கப் பொத்துனதப் பாத்துதான் அமீன்னு கண்டுபிடிச்சேன்.”

சார் கைக்குட்டையை மெல்ல மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மணத்துக்கான மதிப்பெண்ணை மட்டும் வெட்டிவிட்டு, மற்றதற்கெல்லாம் முழுதாகப் போட்டார்.

சாயங்காலம் குழித்துறையில் நான் வந்த பஸ்ஸில் அம்மா ஏறினாள். முன்சீட்டுக்காரி முந்தானையைத் தூக்கி மூக்கைப் பொத்தினாள். எனக்கு அந்தச் சிவப்புதான் கண்ணுக்குள் வந்து நின்றது.

“அம்மா, இங்க வந்து இரி” என்றேன், பஸ்ஸுக்கே கேட்கும்படி.

அம்மா திகைத்துப்போய் நின்றாள். “என்னட்டி அஜிதா, இன்னைக்கு இப்படி?”

“பாஸாயிட்டேன்” என்று நகர்ந்து இடம் விட்டேன்.